சிம்மக்கல்லில் தைத்த பாய்

1934 ஜனவரி 29, திங்கள்

விடியலில் பனி. எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். காற்று வாடை, வடகிழக்கிலிருந்து, லேசாக. மதுரையில் காற்று எந்தத் திசை என்று யாருக்கும் வேண்டியதில்லை. கை தானாக எழுதுகிறது.

தண்ணீர்: குளிக்க 3 செம்பு. குடிக்க 3. அண்ணன் வீட்டுக் கிணற்றில் கை எட்டும் உயரத்துக்குத் தண்ணீர். ஆனாலும் இரண்டாவது செம்போடு என் கை நின்றுவிடுகிறது. அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, பார்த்துக்கொண்டே இருந்து:

“ஏத்தா அருளாயி, இது என்ன ஒங்க தோணிப் பீப்பாயா, தீந்து போறதுக்கு? நல்லா மொண்டு ஊத்து. நாளைக்கும் ஊறும்.”

மூன்றாவது செம்பு ஊற்றினேன். பாவம் செய்தது போல இருந்தது.

புது நோட்டு இது. பழையது கார்த்திகைப் புயலில் தண்ணீரோடு போயிற்று, பதினாலு வருஷக் கணக்கும் அதோடு. ஆகவே முக்கியமானதை மட்டும் மறுபடி:

கல்யாணமாகி 19 வருஷம். தோணியில் 14. தோணி பெயர் அடைக்கல மாதா. ஆள் மூன்று: இவர், நான், சுக்கானுக்குச் சூசை. பிள்ளை இல்லை. முதல் வருஷம் தூத்துக்குடிக் கரையில் சொன்னார்கள், பொம்பிளை ஏறினால் தோணி முழுகும் என்று. இன்னும் முழுகவில்லை.

போன இடமும் அங்கத்துத் தண்ணீரும்:
கொழும்பு – நல்ல தண்ணீர்.
மாலத்தீவு – உப்பு. பருப்பு வேகாது.
ரங்கூன் – மண் நிறம், தெளியவைத்தால் குற்றமில்லை.
பினாங்கு – இனிப்பு. எல்லாவற்றிலும் மேல்.
மஸ்கட் – சூடு.
ஏடன் – கழுதை மேல் வரும். தோல் வாசனை.
சான்சிபார் – தெரியாது. இரண்டு தடவை புறப்பட்டு இரண்டு தடவையும் பாதியில் திரும்பினோம். ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை காற்று நின்றுபோயிற்று.

இந்த மாசியில் மூன்றாவது தடவை என்று இருந்தோம். புயலில் பெரிய பாய் தாறுமாறாகக் கிழிந்தது. பாயைத் தாங்கும் பருமல் கட்டை விழுந்து இவர் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கட்ட மதுரை வைத்தியர் என்று வந்தோம். ஒன்றரை மாதமாக அண்ணன் வீடு.

எலும்பு கூடிவிட்டது. மனசு கூடவில்லை. காலையில் எழுந்தால் இவர் வானத்தைப் பார்ப்பதில்லை. அண்ணன் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார்: தூத்துக்குடி உப்பு வியாபாரி ஒருவர் தோணியை வாங்கிக்கொள்வார், பிப்ரவரி பதிமூன்றாம் தேதி பத்திரத்தோடு வருகிறார். இவருக்கு அண்ணன் கடையில் தராசுப் பக்கம் ஒரு வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை எங்களுக்கு.

“நீ என்ன சொல்லுத ஏளா?” என்று கேட்டார் இவர்.

“பாய் ஒன்று இருந்தால் போவோமா, மாட்டோமா?”

“யாரு தைப்பா? என் கையப் பாரு.”

“நான் தைக்கிறேன்.”

என் விரல்களைப் பார்த்தார். பிறகு சொன்னார். நான் தைத்த பாய் காற்றில் நிற்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டார். நிற்காவிட்டால் போட்டுவிடுவார்.

பதினைந்து நாள். மாதாவே.


ஜனவரி 30, செவ்வாய்

துணி வாங்கினேன். இதுவரை இவர் கொச்சியில் நெய்து தைத்த பாயாகவே வாங்குவார், நான் ஓட்டை அடைப்பதோடு சரி. முழுப் பாய்க்குத் துணி எடுப்பது இதுதான் முதல். தறிக்காரர் வீட்டில் நாலு தினுசு எடுத்துப் போட்டார். தடவிப் பார்த்து, கசக்கிப் பார்த்து, மொடமொடவென்று நின்றதை எடுத்தேன். நெஞ்சுக்கு நிறைவாக இருந்தது.

தறிக்காரர்: “ஏந்தாயி, இம்புட்டுத் துணியும் யாருக்கு? ஒங்க வீட்டுல யானை கீனை இருக்கா?”

“இருக்கு. கடலில் நிற்கிறது.”

சிரித்தார். நம்பவில்லை.

தேவையானவை: கோணி ஊசி 6. மெழுகு. நூல் உருண்டை 20. உள்ளங்கைக்குத் தோல் (சக்கிலியத் தெருவில் சொன்னேன், ஊசியைத் தள்ள). ஓரத்துக்குக் கயிறு, சூசை தூத்துக்குடியிலிருந்து அனுப்ப வேண்டும், கடிதம் போட்டாயிற்று. புளி ஒரு வீசை மதினிக்கு.


பிப்ரவரி 1, வியாழன்

பனி. வாடை நன்றாக.

பாய் வெட்ட வீட்டில் இடமில்லை, தெருவிலும் இல்லை. மதினிதான் சொன்னாள், “ஆத்துக்குக் கொண்டு போ, அங்கனதான் மணல் ஊருக்குச் சும்மா கெடக்குது.” வைகையில் வடகரை ஓரம் மட்டும் தண்ணீர். நடுவே மணல்தான். துணியை விரித்தோம், பன்னிரண்டு பட்டை. நீளமானது 16 முழம், சின்னது 4. மூன்று மூலைக்கும் முளை அடித்து, கயிறு இழுத்து, கரியால் கோடு. இவர் மணலில் உட்கார்ந்து இடது கையால் காட்டினார்: அங்கே வளைவு, இங்கே வளைவு. பாய் தட்டையாக இருந்தால் காற்று வழுக்கிப் போகும், வயிறு வேண்டும்.

துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், பாலத்தில் போகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

“கல்யாணப் பந்தலா?”

“இல்லய்யா, சினிமாக் கொட்டாய் போடுறாக.”

“கப்பல் பாயாம்ல.”

“கப்பல் வைகையிலயா? அப்ப கணுக்கால் நனையாமப் போகும்.”

நானும் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது மணலை ஒரு பிடி எடுத்து மேலே விட்டுப் பார்த்தார், எந்தப் பக்கம் பறக்கிறது என்று. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.


பிப்ரவரி 2, வெள்ளி. மெழுகுதிரித் திருநாள்

முதல் பூசை. மந்திரித்த திரி இரண்டு: ஒன்று வீட்டுக்கு, ஒன்று தோணிக்கு. புயலில் அதை ஏற்ற வேண்டிய இரவு வராமல் இருக்கட்டும்.

தையல் ஆரம்பம். தையலை ஜெபமாலையில் அளக்கிறேன். ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் ஒன்றரை முழம். எழுத்து இப்படித்தான் கற்றேன், மனப்பாடமான ஜெபத்தை ஜெபப்புத்தகத்தில் விரல் வைத்துத் தேடித் தேடி. தையலும் அப்படியே வரும்.

இன்று: ஜெ.மா. 14. முழம் 21. விரலில் குத்து 3.

அண்ணன் பின் அறைக்கு வெள்ளையடிக்கிறார். ஆள் வைக்கவில்லை. கடையை மதியம் அடைத்துவிட்டுத் தானே, வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு. எனக்கு ஜன்னல் ஒன்று புதிதாக வைக்கப்போகிறாராம். “கோயில் மணி கேக்கணும்ல ஒனக்கு.”

குனிந்து தைத்தேன்.


பிப்ரவரி 3, சனி

எழுதவே வெட்கம்.

ஐந்து பட்டை இணைத்துவிட்டேன். பெருமையாக இவர் மடியில் போட்டேன். தடவினார். மூக்கருகே வைத்தார். ஒரு முனையை வாயில் வைத்து ஈரமாக்கி இரண்டு விரலால் தேய்த்தார்.

“ஏளா, இத நனைச்சியா?”

நனைக்கவில்லை.

தொட்டியில் ஒரு துண்டைப் போட்டார். தண்ணீர் பாலாக வெளுத்தது. கஞ்சி. அத்தனையும் கஞ்சி. நான் தடவிப் பார்த்து மகிழ்ந்த மொடமொடப்பு நூலின் பலம் அல்ல, அரிசிக் கஞ்சி. பதினாலு வருஷம் கடலில் இருந்தும் புடவை எடுக்கிற கைதான் துணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. புடவைக்குச் சரி. பாய் முதல் மழையில் சுருங்கி, தையல் எல்லாம் இழுத்துப் பிய்ந்து போகும்.

மதினி தொட்டித் தண்ணீரைக் கொட்டவில்லை, பசுவுக்குக் காட்டினாள். பசு ஒரே மூச்சில் குடித்தது.

இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “விடு, பரவாயில்ல” என்று சொல்லிவிட்டுப் போய், அண்ணன் அடித்த வெள்ளைச் சுவர் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தார்.

அதுதான் தாங்கவில்லை.

ஜெ.மா. 1. தையலில்லாமல்.


பிப்ரவரி 5, திங்கள்

நேற்று ஞாயிறு, வேலை இல்லை. இன்று நாலு மணிக்கே எழுந்து, தைத்த ஐந்தையும் பிரித்து, துணி மொத்தமும் வண்டியில் ஏற்றி வைகைக்கு. நானும் மதினியும் இடுப்பளவு பள்ளத்தில். மிதித்து, அலசி, மறுபடி மிதித்து. துவைக்கிற பெண் ஒருத்தி:

“அக்கா, கஞ்சி போடத்தேன் காசு வாங்குறோம். நீங்க எடுக்குறதுக்கு இம்புட்டுப் பாடா?”

மாலைக்குள் மணலில் காய்ந்தது. அளந்தேன். முழத்துக்கு இரண்டு விரல் போய்விட்டது. பதினாறு முழம் பதினாலே முக்காலுக்கும் குறைவு. துணி இப்போது சாதுவாக, மெத்தென்று, நல்ல பாய்த் துணியாக இருக்கிறது. ஆனால் நீளம் குறைவு. தலைப் பக்கம், பருமலை ஒட்டி, பதினெட்டு முழத்துக்கு ஒரு பட்டை சேர்க்க வேண்டும். புதுத் துணி எடுத்தால் இதே கதை. அது தனியாகச் சுருங்கி மற்றதைக் கிழிக்கும். ஏற்கெனவே சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கித் தீர்ந்த துணி வேண்டும். கித்தான் மாதிரி முரட்டுத் துணி என்றால் இன்னும் நல்லது.

இப்படித் துணி எங்கே கிடைக்கும்? தெரியவில்லை. மாதாவுக்குத் தெரியும்.


பிப்ரவரி 6, செவ்வாய்

கிடைத்தது.

எழுதலாமா? என் நோட்டு. எழுதுகிறேன்.

அண்ணன் கடைக்கு மதியச் சோறு கொண்டு போனோம் மதினியும் நானும். சிம்மக்கல் முழுக்க வண்டி, மாடு, மூட்டை. வெயிலுக்குக் கடை முகப்பில் கட்டிய படுதாவின் நிழலில் நின்றேன். நிமிர்ந்தேன். கித்தான். ஏழு வருஷமாக மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, சுருங்கித் தீர்ந்து, நரம்பு மாதிரி. நீளம் கண்ணாலேயே அளந்தேன்: ஒன்பது முழம். நடுவே நீளவாக்கில் கிழித்தால் பதினெட்டு.

மதினி என் கண் போன இடத்தைப் பார்த்தாள். அவளும் அளந்தாள்.

ஒரு சிக்கல். மேல் பாதியில் ஒரு முழ உயரத்துக்குக் கறுப்பு மையில், தெரு முனையிலிருந்து தெரியும்படி: வத்தல் மல்லி.

ராத்திரி சாப்பாட்டில் மதினி, ரசம் ஊற்றிக்கொண்டே: “ஏங்க, கடைப் படுதா ஓரமெல்லாம் நஞ்சு கெடக்கு. கோடைக்கு முன்னாடி தைக்கக் குடுத்துறட்டுமா?”

அண்ணன்: “குடு குடு.”

தைக்கத்தான் கொடுத்தாள். என்னிடம். பொய்யில்லை. பொய்யில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் சோறு இறங்கவில்லை. சொல்லிவிட்டே எடுக்கலாம் என்றேன். மதினி: “சொன்னா, தோணிய விக்கணுமின்னு நிக்கிற மனுசன் தருவாரா? பாய் நிக்கட்டும், பெறவு சொல்லிக்கிருவோம். நீ இங்கன பின்ரூம்புல சன்னலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா எனக்குத்தேன் தொணை. ஆனா நீ ஒக்கார மாட்ட. மூணாஞ் செம்பு ஊத்தறதுக்கே முழிக்கிறவ.”


பிப்ரவரி 8, வியாழன்

படுதாவில் ஏழு வருஷ வற்றல் காரம். ஊசி ஏறும்போதெல்லாம் தும்மல். அருள் நிறைந்த மரியே, தும்மல், கர்த்தர் உம்முடனே, தும்மல். மதினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவர் மூன்றாவது.

ஆமாம், இவர். காலையில் வந்து நின்றார், பட்டையைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து இடது கையால் துணியை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார், தையல் சுருங்காமல். மூக்கும் கண்ணும் ஒழுகுகின்றன.

“மச்சான் என்னயக் கொன்னுருவாரு.”

“உங்களை இல்லை, என்னை.”

“ஒன்னய எப்படிக் கொல்லுவாரு? ஒனக்குத்தானே சன்னல் வைக்காரு.”

சிரித்தார். புயலுக்குப் பிறகு முதல் தடவை. சிரித்துத் தும்மி, தும்மிச் சிரித்து.

எழுத்து முன்பக்கமாக வரும்படி தைக்கிறேன். பாய்க்குப் பின்னால் உட்காருகிறவர் கண்ணில் படாது.

ஜெ.மா. 22. முழம் 33. சூசையிடமிருந்து ஓரக் கயிறு வந்தது.


பிப்ரவரி 10, சனி

தையல் முடிந்தது! பகல் பதினொன்றரை. கடைசி முடிச்சை இவர் பல்லால் கடித்து அறுத்தார்.

எங்கே ஏற்றிப் பார்ப்பது? மதினியின் தம்பி சவரிமுத்து கப்பலூரில். அங்கே கண்மாய் நிறைந்து கிடக்கிறது. எட்டுப் பனங்கட்டையும் தார்ப் பீப்பாய் எட்டும் சேர்த்து மிதவை கட்டித் தருகிறேன் என்கிறார். நடுவில் மூங்கில் பாய்மரம். திங்கட்கிழமை. மறுநாள் உப்பு வியாபாரி வருகிறார். ஒரே நாள்தான்.

மாலை பாவசங்கீர்த்தனம். படுதாவைச் சொன்னேன். சாமியார் இருமினார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன்.

“அது யார் சொத்து?”

“அண்ணன் சொத்து, சாமி. மதினி கொடுத்தாள்.”

“அண்ணனிடம் நீயே சொல்ல வேண்டும்.”

“பாய் நின்ற பிறகு சொல்கிறேன்.”

“முன்னால் சொல்.”

அபராதம் ஜெ.மா. 1. அது சுலபம். மற்றது?


பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவதென்று பூசையிலேயே முடிவு. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறையைக் காட்டினார். ஜன்னல் வைத்தாயிற்று. பச்சை வண்ணம். சுவரில் மாதா படத்துக்கு ஆணி.

“அம்மா சாகும்போது நீ பினாங்குல. தந்தி அடிச்சு, கடிதாசி வந்து, நீ வர்றதுக்குள்ள மூணு மாசம். ஒனக்கு ஒண்ணுன்னா எனக்குத் தந்தி அடிக்கக்கூட ஆளிருக்காது. கடல்ல போனா கல்லறை ஏது? நான் எங்கிட்டுப் போயி மெழுகுதிரி ஏத்துவேன்?”

நான் வாயைத் திறந்தேன். படுதா வெளியே வரவில்லை. அழுகைதான் வந்தது.

“நாளைக்குப் பாய் நிக்குதோ இல்லையோ, நான் வாரேன், பாக்க. அம்புட்டுத்தேன்.”

வருகிறாராம். கண்மாய்க்கு. மாதாவே, இது நான் கேட்டதல்ல.


பிப்ரவரி 12, திங்கள்

இரண்டு தடவை மை கொட்டினேன். சந்தோஷத்தில். ஒழுங்காக எழுத வேண்டும்.

விடியலில் வண்டி. பாய் சுருட்டி நீளமாக, மேலே நாங்கள். பனி விலகிக் கப்பலூர்க் கண்மாய் தெரிந்தது. தண்ணீர் முழுக்கச் சிறு சிறு சுருக்கம். இவர் வண்டியிலிருந்து குதித்து நின்று சொன்னார்: “வாடை. நல்ல வாடை.” தானாக. யாரும் கேட்கவில்லை.

கரையில் ஊரே. வற்றல் காயப்போடுகிறவர்கள், உழவர்கள், தலையில் கூடையோடு சந்தைக்குப் போகிறவர்கள். மிதவை நன்றாகவே கட்டியிருந்தார் சவரிமுத்து. முழுப் பாயும் அதற்கு அதிகம். கீழ்ப் பக்கம் கால்பங்கைச் சுருட்டிக் கட்டினோம். மிதவை கவிழாதிருக்க எதிர்ப்பக்கம் பாரம் வேண்டும். மணல் மூட்டை நாலு. போதவில்லை.

இவர்: “மச்சான், நீங்க ஏறுங்க.”

“நானா? என்ன மாப்ள, வெளையாடுறீகளா?”

கரையிலிருந்து ஒருவர்: “ஏறுங்கண்ணே! ரெண்டு மூட்டைக்குச் சமம் நீங்க!”

அத்தனை பேரும் சிரித்த பிறகு அண்ணனால் ஏறாமல் இருக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி மதினியிடம் கொடுத்தார், சிலுவை போட்டார், ஏறி உட்கார்ந்து மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வந்தேன், “அண்ணே, ஒரு விஷயம்...” “இறங்குனப்பறம் சொல்லு தாயி, இப்ப என்னால கேக்க முடியாது” என்றார்.

“இழு ஏளா!”

இழுத்தேன். பருமல் ஏறியது. பாய் விரிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. இவர் சொல்வார், பாய் பேசக் கூடாது, பேசுகிற பாயில் காற்று நிற்கவில்லை. இடது கையில் கயிற்றைச் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார். ஒரு முழம். இன்னும் ஒரு முழம். படபடப்பு குறைந்தது. குறைந்து, ஒரேயடியாக நின்றது.

வாய் மூடிவிட்டது பாய். வயிறு நிறைந்துவிட்டது. என் தையல், பன்னிரண்டு பட்டையும் தலைப் பட்டையும், ஒரு சுருக்கமில்லாமல். மிதவைக்கடியில் தண்ணீர் சலசலத்தது.

போகிறது. போகிறது!

கரை முழுக்கக் கூச்சல். மிதவை நேராகத் தென்மேற்கு மூலைக்கு. இவர் பாயைப் பார்க்கவே இல்லை, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

அப்போதுதான். எழுத்து எங்கள் பக்கம் தெரியாமல் தைத்தேனே தவிர, எதிர்ப்பக்கம் ஒரு கரை இருக்கிறது, அதில் கண்ணுள்ள மனுஷர் நிற்பார்கள் என்று யோசிக்கவில்லை. எதிர்க்கரையில் ஒருவர் உரக்க எழுத்துக்கூட்டினார்:

“வ... த்... தல். வத்தல்! ஏய், வத்தல் மல்லிடா!”

பிறகு பத்துப் பேர். பிறகு கரை மொத்தமும். “வத்தல் மல்லி! வத்தல் மல்லி!”

அண்ணன் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். காலை வெயில் துணி வழியே வந்து எழுத்து மங்கலாக, இடம் வலம் மாறித் தெரிந்தது. ஏழு வருஷம் அதன் கீழே உட்கார்ந்தவருக்கு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன.

“அருளாயி.”

“ஆமாண்ணே.”

“அது என் கடைப் படுதா.”

“ஆமாண்ணே. நான் சொல்லியிருக்க வேண்டும். துணி சுருங்கிவிட்டது, சுருங்காத துணி ஊரிலேயே அது ஒன்றுதான்.”

இறங்கவும் முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. நடுக் கண்மாய். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பாயைப் பார்த்தேன். காற்று ஒரு வீச்சு பலமாக வந்தது. மூங்கில் முனகியது. தலைப் பட்டைதான் அத்தனை இழுப்பையும் தாங்கியது, ஒரு நூல் அசையவில்லை.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம். பிறகு இவரிடம்:

“மாப்ள, தாங்குதுல்ல?”

“தாங்குது மச்சான். பாயிலேயே நல்ல துணி அதுதான்.”

“தாங்காம? நான் பாத்து வாங்குனதுய்யா. அன்னைக்கே கடைக்காரன் வேற ஒண்ண எடுத்துக் காட்டுனான், நான்தேன் வேணாமின்னேன்.”

கரை ஏறினதும் மதினி செருப்பை நீட்டினாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அண்ணன்: “தைக்கக் குடுத்தியா நீ? நல்லாத்தேன் தச்சிருக்காக.” வண்டியில் வரும்போது தும்மினார்.

இவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்த இடம், குத்து இடம். எண்ணினார். “முப்பத்தொண்ணு.” முதல் நாளுக்குப் பிறகு நான் கணக்கு வைக்கவில்லை இதற்கு. அவர் வைத்திருக்கிறார்.


பிப்ரவரி 13, செவ்வாய்

உப்பு வியாபாரி பத்து மணிக்கு வந்தார். பத்திரம், மைக்கூடு, கூட ஒரு சாட்சி. காப்பி கொடுத்தேன். இவர் எழுந்து நின்று வாயைத் திறப்பதற்குள் அண்ணன்:

“மன்னிக்கணும். தோணி விக்கிறதுக்கில்ல.”

“நீங்கதானே வரச் சொன்னீக?”

“நான்தேன் சொன்னேன். இப்ப என் கடைப் பேரு அதுல ஏறியிருக்கு. எப்படி விக்கிறது?”

வியாபாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது காப்பியும் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர்.

இவர் முற்றத்துக்குப் போனார். அங்கே நின்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், பழைய மாதிரி, ஒரு கண்ணைச் சுருக்கி. நாளை அதிகாலை ரயில் என்றார்.

மூட்டை: பாய் 1. மந்திரித்த திரி. ஜெபப்புத்தகம். புளி, மதினி கட்டியது. வற்றல் ஒரு மரக்கால், அண்ணன் கொடுத்தது. நார்த்தங்காய் ஊறுகாய் 2 ஜாடி. மிச்ச நூல் உருண்டை 3. இந்த நோட்டு.

சாயந்திரம் அண்ணன் பின் அறையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. நான் வந்தது தெரிந்து, திரும்பாமலேயே:

“அப்ப இதுல மூட்டை அடுக்கிறட்டுமா?”

“பாதியில் அடுக்குங்கண்ணே. சன்னல் பக்கம் பாதியை விட்டு வையுங்கள்.”

தலையை ஆட்டினார். மாதா படத்தை நானே மாட்டினேன், ஆணியில்.


பிப்ரவரி 14, சாம்பல் புதன்

ரயிலில் எழுதுகிறேன், எழுத்து கோணல். நாலு மணிப் பூசையில் நெற்றியில் சாம்பல். மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்றார் சாமியார். திரும்புவேன் சாமி. சான்சிபார் பார்த்துவிட்டு.

காலையில் கிணற்றடியில் ஆறு செம்பு ஊற்றிக் குளித்தேன். மதினி எண்ணிக்கொண்டே நின்று ஏழாவதையும் அவளே ஊற்றினாள்.

பாயைச் சாமான் வண்டியில் ஏற்ற மறுத்தார்கள், நீளம் என்று. என்ன சாமான் என்று கேட்ட குமாஸ்தா மடிப்பில் தெரிந்த எழுத்தைப் படித்துவிட்டு, “வத்தலா? அப்ப சரி” என்று சீட்டு எழுதினார். நான் மறுப்பதற்குள் ஏற்றியாயிற்று. அண்ணன் பிளாட்பாரத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். மூடினது மூடின மாதிரி நின்றது துண்டு, வெகுநேரம்.

இவர் ஜன்னல் வழியே: “மச்சான், வாரோம்.”

அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். கல்லறை, தந்தி, அம்மா, ஏதோ. அதற்குள் மணி அடித்தது. வண்டி நகர்ந்தது. கூடவே நடந்தார், பிறகு வேகமாக நடந்தார். பெட்டி பிளாட்பார முனையைத் தாண்டும்போதுதான் சத்தம் கேட்டது:

“ஏத்தா! அங்கன வத்தல் என்ன வெலைன்னு கேட்டு எழுது!”

திருமங்கலம் தாண்டியாயிற்று. இடது பக்கம் தென்னந்தோப்பு. மட்டைகள் எல்லாம் தென்மேற்குப் பக்கமாகச் சாய்கின்றன. இவர் தூங்குவது போல இருந்தார். கண்ணைத் திறக்காமல் சொல்கிறார், வாடை, எழுதிக்கோ